கட்டடம், தச்சுப்பட்டறை, வகுப்பறை: வாசகர் கேள்வி-பதில்

கட்டடக்கலையோடு மரச்சாமான் செய்வதையும் கற்பிப்பதையும் சேர்த்தே தொழிலாகக் கொள்ள விரும்பும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. மர விலையும் கூலியும் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுவதால் பதில்களில் ரூபாய்க் கணக்கைத் தவிர்த்து அளவையும் நேரத்தையும் மட்டும் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். வீடு வரையவும் ஆசை, நாற்காலி மேசை செய்யவும் ஆசை. பி.ஆர்க் சேர்வதா, பி.டெஸ் சேர்வதா? (மாணவி, தஞ்சாவூர்)

கட்டடமும் வேண்டும் என்றால் கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க்தான். காரணம் சட்டம். 1972-ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை 'ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவுக்குக் கவுன்சில் ஏற்றுக்கொண்ட பட்டம் வேண்டும். வடிவமைப்புப் பட்டமான பி.டெஸ் முடித்துவிட்டுப் பின்னால் கட்டடக்கலைக்கு வர நினைத்தால், ஐந்தாண்டுப் படிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பி.ஆர்க் முடித்தவர் மரச்சாமான் வடிவமைப்பில் முதுகலை படிக்க வழி திறந்தே இருக்கிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஐ.ஐ.டி.க்களின் எம்.டெஸ் படிப்புக்கு 'சீட்' தேர்வு எழுத வேண்டும்.

பி.ஆர்க்குக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு, கட்டடக்கலைத் திறனறித் தேர்வான 'நாட்டா'வின் மதிப்பெண்ணும் சேரும். திருச்சி என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. மெயின் இரண்டாம் தாள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரில் போய், மரவேலைக் கூடம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல் அதன் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தரையில் மரத்தூள் இருக்கிறதா, உளிகளில் துரு ஏறியிருக்கிறதா, மாணவர் செய்த பொருள் ஏதாவது அரைகுறையாகவாவது கிடக்கிறதா என்று பாருங்கள். கவுன்சில் ஆய்வுக்காக மட்டும் திறக்கப்படும் கூடங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஐந்தாண்டு இருந்தாலும் கையில் வேலை ஏறாது.

கேள்வி: மூன்று வேலையையும் ஒரே ஆள் செய்வது நடைமுறையில் சாத்தியமா? அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்களா? மகனுக்குச் சொல்ல வேண்டும். (தந்தை, புதுச்சேரி)

நிறையப் பேர் இருக்கிறார்கள். மார்செல் பிரூயர் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் 1920-இல் மாணவராகச் சேர்ந்தார். அங்கேயே 1925 முதல் 1928 வரை மரவேலைக் கூடத்தை நடத்தினார். வளைத்த எஃகுக் குழாயில் நாற்காலி செய்தது அந்த ஆண்டுகளில்தான். 1937-இல் ஹார்வர்டில் கட்டடக்கலை கற்பிக்கப் போனார். அவர் வடிவமைத்த நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகக் கட்டடம் 1966-இல் முடிந்தது. பின்லாந்தின் ஆல்வார் ஆல்ட்டோ, பைமியோ காசநோய் மருத்துவமனையைக் கட்டும்போது நோயாளிகள் சாய்ந்து மூச்சு விட வசதியான கோணத்தில் ஒட்டுப்பலகை நாற்காலியைச் சேர்த்தே வடிவமைத்தார். 1935-இல் மரச்சாமான் விற்க ஆர்ட்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1940-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கற்பித்தார்.

நீங்கள் புதுச்சேரிக்காரர் என்பதால் உங்கள் ஊர்க் கதை ஒன்று. அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டே, கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கான்கிரீட் கட்டடம். அவர் அலுவலகத்திலிருந்து வந்து 1937 முதல் 1939 வரை அந்த வேலையைக் களத்தில் கவனித்தவர் ஜார்ஜ் நகாஷிமா. எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்த இளைஞர். விடுதி அறைகளுக்கான மரச்சாமான்களையும் அங்கே அவர் வடிவமைத்தார். பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பினார். உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கைவேலை கற்றார். பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை அமைத்து, 1990-இல் இறக்கும்வரை மரத்தோடே வாழ்ந்தார். 1964-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மரச்சாமான்களும் வடிவமைத்தார்.

இவர்கள் யாரும் ஒரே நாளில் மூன்றையும் தொடங்கவில்லை என்பதை மகனிடம் சொல்லுங்கள். ஒன்றில் கை தேர்ந்த பிறகு அடுத்தது வந்தது. எங்கள் பரிந்துரை: படிப்பு முடிந்ததும் மூன்றாண்டு ஓர் அலுவலகத்தில் கட்டட வேலை, அதே காலத்தில் வார இறுதியில் பட்டறை. அதன்பின் வருகை ஆசிரியராக வாரம் ஒரு நாள் வகுப்பு. சொந்த அலுவலகம் எல்லாவற்றுக்கும் பிறகு.

கேள்வி: ஒரு வீட்டுக்கு 1500 × 800 மி.மீ. தேக்குச் சாப்பாட்டு மேசை வரைந்து செய்வித்தேன். மேல்பலகை அசையாமலிருக்கக் கீழே இரண்டு குறுக்குக் கட்டைகளைப் பசை போட்டு ஒட்டித் திருகினோம். ஏ.சி. அறையில் எட்டு மாதத்தில் பலகை நடுவே பிளந்துவிட்டது. மரம் மோசமா? (கட்டடக் கலைஞர், மதுரை)

மரத்தைக் குறை சொல்லாதீர்கள். குறுக்குக் கட்டையை ஒட்டியதுதான் காரணம். இந்த மூன்று தொழிலையும் சேர்த்துப் பார்க்க நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. அகலவாக்கில் சுருங்கும். தேக்கு பெரும்பாலான மரங்களைவிடக் குறைவாகவே அசையும். ஆனாலும் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது, தட்டையாக அறுத்த பலகை அகலத்தில் 5.8 சதவீதம் வரை சுருங்கும். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கி ஆரப்போக்கில் அறுத்த பலகை 2.5 சதவீதம் அளவுக்கு. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குகிறது. ஆக, ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் தட்டைப் பலகை ஏறத்தாழ 0.2 சதவீதம் குறுகும்.

உங்கள் மேசைக்குக் கணக்குப் போடுவோம். மழைக்காலத்தில் மரக்கடையிலிருந்து வந்த பலகையில் 15 சதவீத ஈரம் இருந்திருக்கும். ஏ.சி. அறையில் அது 10-க்கு இறங்கியிருக்கும். ஐந்து சதவீதம் குறைந்தால் 800 மி.மீ. அகலத்தில் 7 முதல் 8 மி.மீ. சுருங்க வேண்டும். ஆரப்போக்குப் பலகையாக இருந்தாலும் 3 மி.மீ.க்குக் குறையாது. குறுக்குக் கட்டையின் நீளவாக்கு அந்த 800 மி.மீ.யின் வழியாகவே ஓடுகிறது. அது சுருங்காது. சுருங்க நினைக்கும் பலகையைச் சுருங்காத கட்டை பிடித்து நிறுத்தினால், பலகை தன் பலவீனமான ரேகையில் பிளக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: பிளவில் புட்டி அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் பலகை மீண்டும் உப்பும்போது புட்டி ஆப்புப் போல வேலை செய்து பிளவை நீட்டும். குறுக்குக் கட்டைகளை எடுத்துவிடுங்கள். பசை விடாவிட்டால் உளியால் சீவி எடுங்கள். பலகையை அதே அறையில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பிளவு தானாக ஓரளவு மூடும். பிறகு பிளவுக் கோட்டிலேயே நீளமாக அறுத்து, விளிம்புகளை இழைத்து, மறுபடி ஒட்டுங்கள். மேசை 5 மி.மீ. குறுகும், யாருக்கும் தெரியாது.

திரும்பப் பொருத்தும்போது கட்டையில் பசை வேண்டாம். நடுவில் ஒரு திருகு மட்டும் இறுக்கமாக. மற்ற இடங்களில் 5 மி.மீ. திருகுக்கு, பலகையின் அகலவாக்கில் 5 × 12 மி.மீ. நீள்துளையும் அதன்மேல் ஒரு வாஷரும். மேல்பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் இடத்திலும் இதே முறை. மேலே மூன்று பூச்சு மெருகு போட்டால் அடிப்பக்கமும் மூன்று பூச்சு போட வேண்டும். அடியை வெறுமனே விட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் உறிஞ்சிப் பலகை கிண்ணம்போல் வளையும்.

இரண்டு ஊசி ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஏ.சி. அறைக்குப் போகும் பொருளுக்கு 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால், பலகைகளுக்கு இடையே ரீப்பர் வைத்து அடுக்கிக் காயவிடுங்கள். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் இதில் இறங்கி வராதீர்கள்.

கேள்வி: மரச்சாமானுக்கு விலை சொல்லத் தெரியவில்லை. கட்டடத்துக்குச் சதுர அடிக் கணக்கு இருக்கிறது, மேசைக்கு என்ன கணக்கு? (கட்டடக் கலைஞர், கோயம்புத்தூர்)

மரத்துக்குக் கன அடி, வேலைக்கு மணி நேரம். முந்தைய கேள்வியில் வந்த அதே அளவு மேசையை எடுத்துக்கொள்வோம். 25 மி.மீ. மேல்பலகைக்கு 32 மி.மீ. கனத்தில் அறுத்த பலகை வாங்க வேண்டும். இழைப்பில் மீதி போய்விடும். மேல்பலகை 1.36 கன அடி. 80 மி.மீ. சதுரத்தில் 775 மி.மீ. நீளமுள்ள நான்கு கால்கள் 0.70. சுற்றுச் சட்டம் மொத்தம் 3.8 மீட்டர், 100 × 32 மி.மீ., அது 0.43. கூட்டினால் 2.5 கன அடி. முடிச்சு, வெடிப்பு, வெள்ளை மரம் (பட்டையை ஒட்டிய வெளிர்ப் பகுதி), வெட்டுத் துண்டு எல்லாவற்றுக்கும் 35 முதல் 40 சதவீதம் சேர்த்து 3.5 கன அடி வாங்குங்கள். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் நஷ்டப்படுவது பெரும்பாலும் இந்த 35 சதவீதத்தை மறப்பதால்தான்.

நேரம்: வரைபடமும் வாடிக்கையாளர் பேச்சும் 6 மணி, மரம் தேர்ந்து வெட்ட 5, இழைக்க 5, மேல்பலகை ஒட்ட 4, கழுந்தும் (துளைக்குள் நுழையும் முனை) துளையும் 12, பூட்ட 4, தேய்க்க 7, மெருகு 6, கொண்டுபோய் நிறுத்த 3. மொத்தம் 52 மணி. இதில் தச்சர் நேரத்துக்கு ஒரு மணிக் கூலியும் உங்கள் நேரத்துக்கு வேறு கூலியும் போடுங்கள். உங்கள் நேரத்துக்குக் கூலியே போடாமல் விட்டால், கட்டடத் தொழிலில் சம்பாதித்ததைக் கொண்டு மேசையைத் தானம் செய்கிறீர்கள் என்று பொருள்.

மரம், கூலி, பசை, உப்புத்தாள், மெருகு இவற்றின் கூட்டுத்தொகையில் பட்டறை வாடகை, மின்சாரம், உளி தேய்மானத்துக்கு 20 சதவீதம். அதன்மேல் லாபம். முன்பணம் பாதிக்குக் குறையாமல் வாங்குங்கள், ஏனென்றால் மரக்கடையில் மரத்துக்குக் கையில் காசு கொடுக்க வேண்டும்.

கேள்வி: நான் வரையும் வீட்டுக்கு என் பட்டறையிலேயே மரச்சாமானும் செய்துகொடுக்கலாமா? சட்டப்படி தவறா? (திருச்சி)

கவுன்சிலின் நடத்தை விதிகள் ஒப்பந்ததாரர், விற்பனையாளரிடம் கமிஷன் வாங்குவதைத் தடுக்கின்றன. வாடிக்கையாளருக்கு ஆலோசகராக இருப்பவர், விற்பவரிடமும் காசு வாங்கக் கூடாது என்பது அதன் கருத்து. நீங்களே விற்பவராகும்போது அந்த இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். கட்டடக்கலை ஊதியத்துக்கு ஓர் ஒப்பந்தம், மரச்சாமானுக்கு வேறோர் ஒப்பந்தம். பட்டறை உங்களுடையது என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் சொல்லுங்கள். அளவு, மரம், மூட்டு வகை, மெருகு எல்லாம் எழுதிய வரைபடத்தைக் கொடுத்து, வேறு தச்சரிடம் விலை கேட்கவும் அவருக்கு இடம் கொடுங்கள். உங்கள் விலை கூடுதலாக இருந்து அவர் வேறிடம் போனால் வருத்தம் காட்டாதீர்கள். வீட்டு வேலை உங்கள் கையில் இருக்கிறது.

கணக்குப் புத்தகமும் தனித்தனியாக வேண்டும். ஊதியம் தொழில்முறை வருமானம், மேசை விற்பது வணிக வருமானம். இரண்டுக்கும் வரிக் கணக்கு ஒன்றல்ல. தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

கேள்வி: இறுதியாண்டு பி.ஆர்க். எந்தக் கருவிகள் வாங்கலாம்? முதலில் நாற்காலி செய்யலாம் என்றிருக்கிறேன். (மாணவர், சென்னை)

நாற்காலியைக் கடைசிக்கு வையுங்கள். மேசை நிற்கிறது, அலமாரி நிற்கிறது, நாற்காலிமீது மட்டும் ஆள் உட்கார்ந்து பின்னால் சாய்ந்து இரண்டு காலில் ஆட்டுவார். இருக்கைச் சட்டம் பின்காலோடு சேரும் மூட்டு அத்தனை இழுவையையும் வாங்கும். பின்காலை வளைவாக வரைந்து நேர்ப் பலகையில் அறுத்தால், வளைவின் நடுவே ரேகை குறுக்காக வந்து அங்கேயே முறியும். கணினித் திரையில் இது தெரியவே தெரியாது.

வாங்க வேண்டியவை: 6, 12, 25 மி.மீ. உளிகள், கொட்டாப்புளி, நடுத்தர இழைப்புளி, நுண்பல் கைவாள், 150 மி.மீ. மூலைமட்டம், கோடு கீறும் கட்டை, கை டிரில், நான்கு கிளாம்ப், 400-உம் 1000-உம் சாணைக்கல். உளியை 25 பாகையில் தீட்டி, நுனியை மட்டும் 30 பாகையில் முடியுங்கள். முன்கையில் முடி சீவும் கூர்மை வராமல் மரத்தைத் தொடாதீர்கள். மழுங்கிய உளிக்குத்தான் அதிக அழுத்தம் வேண்டும், அழுத்தும் உளிதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும்.

வரிசை: முதலில் 300 மி.மீ. கட்டை ஒன்றை நான்கு பக்கமும் மூலைமட்டத்துக்குச் சரியாக இழையுங்கள். எளிதாகத் தோன்றும், ஒரு வாரம் ஆகும். அடுத்து கழுந்து-துளை மூட்டு பத்து. கழுந்தின் கனம் கட்டையின் கனத்தில் மூன்றில் ஒன்று. துளையின் ஆழம் கழுந்தைவிட 2 மி.மீ. கூடுதல், இல்லாவிட்டால் அடியில் சிக்கிய பசை மூட்டை முழுதாக மூட விடாது. பசை இல்லாமல் கையால் தள்ளினால் உள்ளே போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. செய்த மூட்டுகளில் இரண்டை நடுவே அறுத்து உள்ளே பாருங்கள். பிறகு ஒரு பெட்டி, ஒரு மணை, ஒரு முக்காலி. அதன்பின் நாற்காலி.

நாற்காலிக்குத் தொடக்க அளவு: இருக்கை முன்னுயரம் 430 மி.மீ., பின்பக்கம் அதைவிட 20 மி.மீ. தாழ்வு, ஆழம் 420, முதுகுச் சாய்வு 100 முதல் 105 பாகை. வெளிநாட்டுப் புத்தகங்களின் 450 மி.மீ. உயரம் நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு அதிகம். பாதம் தரையில் படியாமல் தொடை அழுந்தும். உங்கள் பாட்டியை உட்காரவைத்து அளந்துவிட்டு வரையுங்கள்.

முறையான பயிற்சி வேண்டுமென்றால் பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மேம்பட்ட மரவேலைப் பயிற்சி மையத்தை விசாரியுங்கள். ஊரில் நல்ல தச்சர் இருந்தால், விடுமுறையில் அவர் பட்டறையில் மரம் பிடித்துக் கொடுத்துக்கொண்டே நில்லுங்கள். அது எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததல்ல.

கேள்வி: புதுச் சுவரை ஒட்டி அலமாரி அடித்தோம். ஒட்டுப்பலகையின் பின்புறம் பூஞ்சை, பக்கத்தில் சந்து. ஏன்? (ஈரோடு)

சுவர்ப் பூச்சு காயும் முன் அடித்திருக்கிறீர்கள். பின்புறம் 20 முதல் 25 மி.மீ. காற்று இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்று போக வழி வைக்க வேண்டும். சந்துக்குக் காரணம் வேறு. 3 மீட்டர் உயரச் சுவர் 10 மி.மீ. சாய்ந்திருப்பது கட்டடத்தில் சாதாரணம், அலமாரியிலோ 1 மி.மீ. பிசகினால் கதவு உரசும். சுவர் அளவை மூன்று உயரத்தில் எடுத்து, மிகக் குறைந்த அளவைவிட 40 மி.மீ. குறைத்துப் பெட்டியைச் செய்யுங்கள். இரு பக்கமும் 20 மி.மீ. பட்டி விட்டு, அதைச் சுவரின் கோணலுக்கு ஏற்ப இழைத்துப் பொருத்துங்கள். ஈரம் படும் சமையலறைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள ஒட்டுப்பலகை.

கேள்வி: கல்லூரியில் கற்பிக்க என்ன தகுதி? வாரத்தை எப்படிப் பிரிப்பது? (பெண் கட்டடக் கலைஞர், சேலம்)

முழுநேர உதவிப் பேராசிரியர் பணிக்குப் பொதுவாகப் பி.ஆர்க்கோடு முதுகலைப் பட்டமும் கவுன்சில் பதிவும் கேட்பார்கள். மரச்சாமான் வடிவமைப்பில் எம்.டெஸ் படிக்கப் போகிறீர்கள் என்றால், அது ஆசிரியர் தகுதிக்கு ஏற்கப்படுமா என்பதைச் சேரும் முன்பே கவுன்சிலிடமும் கல்லூரியிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு படித்த பிறகு கேட்பது தாமதம். தொழில் செய்யும் அனுபவசாலிகளை வருகை ஆசிரியராக எடுக்கும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. உங்களைப் போன்றவர்களுக்கு அதுவே நல்ல நுழைவாயில். முழுநேரப் பணியில் சேர்ந்தால், சொந்தத் தொழில் செய்ய அனுமதி உண்டா என்பது நியமனக் கடிதத்திலேயே இருக்கட்டும்.

வாரத்தைப் பிரிப்பதில் ஒன்றைக் கவனியுங்கள். வகுப்பு நேரம் மாறாது. கட்டட வேலை தொலைபேசி அழைப்பாகத் துண்டு துண்டாக வரும். மரவேலைக்கு இடையூறில்லாத நீண்ட நேரம் வேண்டும். மேல்பலகைக்குப் பசை தடவிய பின் கிளாம்ப் இறுக்கப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது, நம் ஊர் வெயிலில் இன்னும் குறைவு. அந்த நேரத்தில் கான்கிரீட் போடும் இடத்திலிருந்து அழைப்பு வந்தால் பலகை வீண். எனவே வகுப்பு இரண்டு நாள், பட்டறை தொடர்ந்து இரண்டு நாள், மீதி கட்டடம் என்று பிரியுங்கள். பட்டறை நாள்களில் களத்தைக் கவனிக்கப் பொறுப்பான மேற்பார்வையாளர் வேண்டும். அவருக்குச் சம்பளம் தர முடியாத நிலையில் இருந்தால், இப்போதைக்குக் கட்டட வேலைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பட்டறை நாள்களைக் குறைத்தால் கை மறந்துவிடும்.

கேள்வி: இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 30 பேருக்கு மரச்சாமான் பயிற்சி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். எட்டு வாரம். எப்படி அமைப்பது? (விரிவுரையாளர், நாகர்கோவில்)

இருவருக்கு ஒரு முக்காலி. 15 குழு. ஒவ்வொரு குழுவுக்கும் 12 மி.மீ. ஒட்டுப்பலகையில் 8 × 4 அடிப் பலகையின் பாதி, அதாவது 4 × 4 அடி. மொத்தம் எட்டுப் பலகை வாங்கினால் அரைப் பலகை மிஞ்சும், வெட்டிப் பழக அது வேண்டும். நிபந்தனை மூன்று போதும்: உயரம் 400 முதல் 440 மி.மீ., ஆணியும் திருகும் கூடாது, 100 கிலோ ஆள் உட்கார்ந்து ஆடினாலும் தாங்க வேண்டும்.

முதல் வாரம் அளப்பது மட்டும். கல்லூரி உணவகம், பேருந்து நிறுத்தம், டீக்கடை எங்கும் இருக்கைகளை அளந்து வரட்டும். இரண்டாம் வாரம் 1:5 அளவில் அட்டை மாதிரி, குழுவுக்கு மூன்று. மூன்றாம் வாரம் ஒன்றைத் தேர்ந்து முழு அளவில் நெளியட்டையில் செய்து உட்கார்ந்து பார்ப்பது. பெரும்பாலானவை இங்கே உடையும், உடையட்டும். நான்காம் வாரம் 1:1 வரைபடமும் பலகையில் வெட்டுத் துண்டுகளை அடுக்கும் திட்டமும். வாள் தின்னும் 3 மி.மீ.யை விட்டு அடுக்கியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு தாளிலும் பாருங்கள். ஐந்திலும் ஆறிலும் வெட்டுதல், பொருத்துதல். ஏழாவது முழுக்கத் தேய்ப்புக்கும் மெருகுக்கும். எட்டாவது வாரம் சோதனையும் விவாதமும்.

கெட்டுப்போவது எங்கே? பெரும்பாலும் ஏழாவது வாரம் காணாமல் போகும். வரைபடத்தைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள், வெட்டுவது தள்ளிப்போகும், கடைசி இரவில் பசை காயாமல் கொண்டுவருவார்கள். நான்காம் வாரக் கடைசியில் வரைபடத்தில் கையெழுத்திட்டு வாங்கி வைத்துவிடுங்கள், அதன்பின் திருத்தம் இல்லை. அடுத்த சிக்கல் பலகையின் கனம். 12 மி.மீ. என்று விற்பது 11.5 ஆகவும் இருக்கும். 12 மி.மீ. காடி (பலகை செருகும் வெட்டு) வெட்டிய மூட்டு லொடலொடக்கும். வாங்கிய பலகையைக் காலிபரில் அளந்த பிறகே காடி அளவை எழுதச் சொல்லுங்கள். கணினி சொல்லும் கோட்டில் வெட்டும் சி.என்.சி. எந்திரம் இருந்தாலும் முதல் முக்காலி கைவாளில்தான் என்று வையுங்கள். எந்திரம் தவறான கோட்டையும் துல்லியமாக வெட்டித் தரும், ஏன் தவறு என்று மாணவருக்குப் புரியாது.

பாதுகாப்பில் தளர்வு வேண்டாம். சுழலும் எந்திரத்தின் அருகே துப்பட்டா, தொங்கும் கயிற்று அடையாள அட்டை, கையுறை மூன்றும் கூடாது. கையுறையைச் சுழலும் வாள் இழுத்தால் விரலும் போகும். சிறு துண்டைத் தள்ளத் தள்ளுகோல். மேசை வாளில் பின்பிளவுத் தகடு (வெட்டிய பலகை வாளை நெருக்காமல் தடுப்பது) கழற்றப்பட்டிருந்தால் அன்று அந்த எந்திரம் ஓடக் கூடாது. தூளுக்கு என்95 முகக்கவசம்.

மதிப்பெண்ணில் பாதியைச் செய்த பொருளுக்குக் கொடுங்கள், கால் பங்கு வரைபடத்துக்கு. மீதிக் கால் பங்கு, எது ஏன் உடைந்தது என்று மாணவர் எழுதும் இரண்டு பக்கத்துக்கு.

கேள்வி: பட்டறைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? (விருதுநகர்)

கைக்கருவியோடு தொடங்க 150 சதுர அடி, மேசை வாளும் இழைப்பு எந்திரமும் வந்தால் 400. எட்டடிப் பலகையை வாளுக்கு முன்னும் பின்னும் முழுதாக ஓட்ட இடம் வேண்டும் என்பதால் நீளம் 20 அடிக்குக் குறையாமல் பாருங்கள். வாடகை முன்பணம் கொடுக்கும் முன் மும்முனை மின்சாரமும் அதற்கான கட்டண வகையும், லாரி வரும் வழியும், பக்கத்து வீட்டின் தூரமும் சரிபாருங்கள். அக்கம்பக்கத்தார் புகார் முதலில் வருவது சத்தத்தைப் பற்றி அல்ல, துணி காயும் மாடியில் படியும் மரத்தூளைப் பற்றி. எந்திரம் வாங்கும் அதே நாளில் தூள் உறிஞ்சியும் வாங்கிவிடுங்கள்.